சோதித்தவர்: ஹம்சிகா

ஹம்சிகாவின் பெயரைப் போடாமலா விட்டேன் என்று பஸ்லி தன்னைத்தானே கேட்டுக்கொண்டான். போட்டிருந்தான். அனுப்பிய நிரலின் அடியில் ‘சோதித்தவர்: ஹம்சிகா இருளாண்டி’ என்று எழுத்துப் பிசகாமல் போட்டிருந்தான். ‘யோசனை சொன்னவர்’ என்று வரவேண்டிய இடத்தில் அது வந்துவிட்டது, அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனும் அவ்வளவுதான் என்றுதானே சொல்வான்.

உக்குவளையில் ரயில் பாதையோரம் ஒரு மாடியில் அவர்களுடைய கந்தோர். கொழும்புக் கம்பனி ஒன்றின் சின்னக் கிளை. பஸ்லி அங்கே பெரியவன்; பன்னிரண்டு வருடமாக, கம்பியூட்டரை உள்ளிருந்து நடத்தும் லினக்ஸ் கர்னலோடு குடும்பம் நடத்துகிறவன். ஹம்சிகா யட்டவத்தப் பக்கப் பெருந்தோட்டம் ஒன்றிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். அவன் எழுதுவதை ஓட்டிப் பார்த்து, உடைகிறதா என்று சொல்வது அவள் வேலை. அவனை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

அவன் எழுதிக்கொண்டிருந்தது லேசான சமாச்சாரம் இல்லை. ஒரு பெரிய கம்பியூட்டருக்குள் பல விருந்தாளிக் கம்பியூட்டர்கள் ஓடும். ஒவ்வொன்றும் நினைவகம் முழுக்கத் தன் சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கும். விருந்தாளி ஒன்று நெட்வேர்க் கார்டிடம் ‘இந்த விலாசத்தில் கொண்டுபோய்ப் போடு’ என்றால், அந்த விலாசத்தை இரண்டு தடவை மாற்றவேண்டும். முதலில் விருந்தாளியின் அட்டவணைப்படி, பிறகு வீட்டுக்காரக் கர்னலின் அட்டவணைப்படி. விருந்தாளி தன் அட்டவணையைத் திருத்தினால், பழையதை மறந்துவிடு என்று சொல்லவும் ஒரு வழி வேண்டும். இதற்கெல்லாம் கர்னலுக்குள் புதுக் கட்டளைகளை வடிவமைப்பதில் பஸ்லிக்கு எட்டு மாதம் போயிருந்தது. உலகத்துக் கர்னல்காரர்கள் எல்லாரும் வாசிக்கும் மடல் பட்டியலுக்கு நான்கு தடவை அனுப்பி, நான்கு தடவையும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஐந்தாம் தடவை அனுப்பும் முன் ஹம்சிகாவின் சோதனை இடித்தது. ஆயிரத்தில் ஒருதரம், விருந்தாளி கைவிட்ட பழைய இடத்திலேயே கார்டு தரவைக் கொண்டுபோய்க் கொட்டியது. உன் சோதனையில்தான் பிழை என்று பஸ்லி மூன்று நாள் அவளை விரட்டினான். நான்காம் நாள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நானா, எங்க தோட்டத்துல கடிதமெல்லாம் மொதல்ல ஆபீசுக்குத்தான் வரும். ஆபீஸ் கொப்பியப் பாத்துத்தான் எந்த லயம், அதுல எந்த வீட்டுக் காம்பரான்னு பிரிப்பாங்க. நாங்க காம்பரா மாறினப்ப கொப்பியில மாத்திட்டாங்க. கொண்டுவந்து குடுக்கிறவருக்கு மட்டும் யாரும் சொல்லல. அவரு ஞாபகத்துல பழைய காம்பராவுக்கே கொண்டுபோயிட்டாரு. ஒங்க கட்டளையும் கர்னலத்தான் மறக்கச் சொல்லுது. கார்டும் தனியா ஒரு ஞாபகம் வச்சிருக்கே, அதுக்கு யாரு சொல்றது?”

பஸ்லிக்குக் காது சூடாகிவிட்டது. எட்டு மாதம் அவன் பார்த்தும் காணாத ஓட்டை. அதை மறைக்க, என்ன கடிதம் அது என்று பேச்சை மாற்றினான். தனக்கு வந்த கம்பஸ் படிப்பு அனுமதிக் கடிதம், பதிவுத் தபால் என்றாள். புதிதாகக் குடிவந்தவர்கள் வாங்கி எங்கோ செருகிவைத்து, கண்டெடுத்தபோது பதியும் தேதி முடிந்துவிட்டதாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இரண்டே நாளில் கட்டளையைத் திருத்தினான். கார்டையும் சேர்த்து மறக்கச் சொல்லும் கட்டளை. விளக்கக் குறிப்பில் அந்தக் கடிதக் கதையையும் எழுதினான். தோட்டத்தை எடுத்துவிட்டு, ‘ஒரு ஊரில் ஒரு தபால்காரர்’ என்று ஆக்கினான். ஹம்சிகாவைச் சோதித்தவர் என்று மட்டும் போட்டு ஐந்தாம் தடவை அனுப்பினான். பட்டியலில் பாராட்டு கொட்டியது. கர்னலின் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் எல்லாருக்கும் தெரியும்படி கேட்டார்: இந்த ஓட்டை எப்படிக் கண்ணில் பட்டது? மூன்று நாள் விரட்டிய கதையைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. ‘திரும்பத் திரும்ப வாசித்ததில் பிடிபட்டது’ என்று பதில் போட்டான். ஒரு வெட்கத்தை மூட இன்னொரு வெட்கம்.

அதோடு நின்றதா? கம்பனியில் வடிவமைப்பாளர் இடம் ஒன்று காலியானது. ஹம்சிகா விண்ணப்பித்தாள். கொழும்பிலிருந்து மேலாளர் தினுஷா பஸ்லியை அழைத்து, அந்தப் பிள்ளை வடிவமைப்பில் ஏதாவது செய்திருக்கிறாளா என்று கேட்டாள். நன்றாகச் சோதிப்பாள் என்றான். பொய்யில்லை. அதுதான் அதைவிடக் கேவலம்.

அன்று வீட்டில் ஸக்கியா, புருஷனை உலகமே புகழ்கிறது என்று வட்டிலப்பம் அவித்து வைத்திருந்தாள். அவன் தட்டை அவள் பக்கமே தள்ளிவைத்தான். ஒரு கிழமை அப்படியே இழுத்தடித்தான். பிறகு மனசு கேட்காமல் பட்டியலுக்கும் தினுஷாவுக்கும் உள்ளதை எழுதினான்: கண்டுபிடித்தவள் ஹம்சிகா, நான் பொய் சொன்னேன்.

பொறுப்பாளரின் பதில் பண்பாகத்தான் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி; ஆனால் அந்தத் திருத்தத்தை முந்தாநாளே கர்னலில் இணைத்தாயிற்று, இணைத்த வரலாற்றில் இனி ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. தினுஷா அதைவிடச் சுருக்கமாக எழுதியிருந்தாள். இடத்தை நேற்றுத்தான் விண்ணப்பித்த இன்னொருவர், ஹஸீபுக்குக் கொடுத்தோம். அடுத்த வருஷம் பார்ப்போம்.

பஸ்லி எழுந்து ஹம்சிகாவின் மேசைக்குப் போனான். பன்னிரண்டு வருடத்தில் அவன் எந்த மேசைக்கும் அப்படிப் போனதில்லை. செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். மன்னிச்சிருங்க தங்கச்சி என்றான். தங்கச்சி என்ற சொல் அவன் வாயிலேயே கசந்தது.

“தெரியும் நானா,” என்றாள் அவள். “நானும் அந்தப் பட்டியல்ல இருக்கேனே. ‘வாசிச்சதுல பிடிபட்டது’ன்னு நீங்க போட்டத அன்னைக்கே வாசிச்சேன்.”

அன்றிலிருந்து தினமும் அவள் காலையில் வந்து, சலாம் நானா என்று சொல்லிவிட்டு, அவன் கொடுத்ததைச் சோதித்துத் தந்திருக்கிறாள். பஸ்லிக்கு அங்கேயே கரைந்து போகலாம் போலிருந்தது. ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று முணுமுணுத்தான்.

ஹம்சிகா திரையை அவன் பக்கம் திருப்பினாள். இனி மாறாத அந்தப் பதிவு அதில் திறந்திருந்தது.

“அப்பயும் இப்படித்தான் நானா,” என்றாள். “கடிதம் என் பேருக்குத்தான் வந்துச்சு. வேற ஆளு கையெழுத்துப் போட்டு வாங்கிட்டாங்க.”

பஸ்லி வாசித்தான். சோதித்தவர்: ஹம்சிகா இருளாண்டி. அதற்கு நேர் கீழே, கர்னல்காரர்களின் வழமைப்படி, கையொப்பமிட்டவர் என்று அவனுடைய பெயர் இருந்தது.