சௌகத் பாய் கடையில் ஒயர் இல்லாத கீபோர்டு

கீபோர்டு வாசிக்கிற ஞானராஜ் வரமாட்டான் என்பது ஞாயிறு காலைப் பூசை முடிவதற்குள் தெரிந்துவிட்டது. பழனிப் பக்கம் கச்சேரிக்குப் போனவன் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு போயிருந்தான்.

சௌகத் அலி தலையில் கை வைத்துக்கொண்டார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கல்யாண வீடியோ மிக்சிங் செய்கிற கடை அவருடையது. பின்னறைச் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டி, ரெக்கார்டிங் தியேட்டர் என்று போர்டும் மாட்டி, மாதா கோவில் திருவிழாப் பாட்டு சிடி போட ஸ்தனிஸ்லாஸ் சாரைப் பிடித்திருந்தார். சார் பள்ளிக்கூட வாத்தியார், கோவில் பாடகர் குழுவுக்குத் தலைவர். இன்று முதல் பாட்டு ஒழுங்காக வந்தால் மீதிப் பாட்டெல்லாம் இங்கேதான். சொதப்பினால் மொத்தமும் மதுரை ஸ்டுடியோவுக்குப் போய்விடும்.

மொத்தமும் கிடைத்தால் ரொனால்டைக் கடையில் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகப் பாய் சொல்லியிருந்தார். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் அவன். இரவில் வேடசந்தூர் ஸ்பின்னிங் மில், பகலில் பாயின் கம்ப்யூட்டர். மில்லில் போட்டிருந்த சட்டையோடே வந்திருந்தான், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. இன்னும் பத்து வருஷம் அந்தப் பஞ்சைத் தின்ன அவனுக்கு உத்தேசம் இல்லை.

"கீபோர்டு இல்லாம என்னத்தடா வாசிக்கப் போறே?" என்றார் பாய்.

"கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கு. நீங்க டீ சொல்லுங்க பாய்."

திரையில் ஒரு கீபோர்டு விரிந்தது. தட்டச்சு செய்கிற எழுத்துகளை அமுக்கினால் அதன் கட்டைகள் இறங்கி எழுந்தன. ஸ்பீக்கரில் பியானோ கேட்டது. பாய்க்கு முகம் மலர்ந்தது. ரொனால்டுக்கு மலரவில்லை. பக்கத்தில் திறந்திருந்த இசை மென்பொருளில், வாசித்தது பதிந்ததைக் காட்டும் ஒரு கோடுகூட விழவில்லை. கீபோர்டின் சத்தம் நேராக சவுண்டு கார்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, மென்பொருளுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது.

நெட் சென்டரில் இறக்கி வைத்திருந்த ஒரு குட்டி புரோகிராமை ஓடவிட்டான். ஒரு முனையில் வாங்கியதை மறுமுனையில் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. கீபோர்டின் அவுட்புட்டை அதற்குத் திருப்பினான். மென்பொருளின் இன்புட்டிலும் அதே பெயரைத் தேர்ந்தெடுத்தான். மறுபடி அமுக்கியதும் திரையில் பச்சை விளக்கு துள்ளியது, கோடுகள் வரிசையாக விழுந்தன.

அந்த நேரத்தில் ஸ்தனிஸ்லாஸ் சார் உள்ளே வந்தார். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

"ஏப்பா, ஒயர் எங்க?"

"ஒயர் இல்ல சார். மிடின்னு ஒரு வழி, அதுல போறது சத்தமே இல்ல. எந்த ஸ்வரம், எம்புட்டு அழுத்தம், எப்ப விட்டோம்ங்கிற சேதி மட்டுந்தான். சத்தம் போடுறது இந்தப் பக்கம் இருக்குற சாப்ட்வேர்."

"மாதா பாட்டு கேட்டா லெட்டர் டைப் அடிக்கிற மாதிரி உக்காந்திருக்கே" என்றபடி சார் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஷைனி கன்னிவாடி பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கு. அஞ்சு கட்டைச் சுருதியில பாடும். அதுக்குள்ள முடி."

ஞானராஜிடம் வேலை கற்றவர்கள் எல்லோரும் வெள்ளைக் கட்டைகளில் மட்டுமே வாசிப்பார்கள். சுருதியை ஏற்றி இறக்குவதை டிரான்ஸ்போஸ் பார்த்துக்கொள்ளும். ரொனால்டும் திரைக் கீபோர்டில் அந்தப் பெட்டியைத் தேடி 5 என்று அடித்துவிட்டு வாசித்தான். மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கினால் அந்த மலிவான தட்டச்சுப் பலகை ஒன்றை விழுங்கியது. அதனால் ஒவ்வொரு ஸ்வரமாக மேலே மேலே பதிந்தான். வயலின், புல்லாங்குழல், தாளம் எல்லாம் அடுக்கி முடித்தபோது ஷைனி வந்துவிட்டாள். கன்னிவாடிக் கோவிலில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள், மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பல்லவியை எடுத்தாள். இரண்டாம் வரியில் குரல் கிணற்றுக்குள் இறங்கியது. கீழ் ஸ்வரத்தில் வெறும் காற்றுதான் வந்தது.

"என்னம்மா, சளி பிடிச்சிருக்கா?" என்றார் சார். 

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். பாட்டுக்குத்தான் பிடிச்சிருக்கு. இது என் சுருதியே இல்ல."

சார் தன் சுருதிப்பெட்டியை எடுத்து ஐந்து கட்டையில் வைத்தார், ரொனால்டு பாட்டை ஸ்பீக்கரில் விட்டான். அறைக்குள் இரண்டு சுருதிகள் முட்டிக்கொண்டன. சார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மெஷின்ல வைரஸ் இருக்கும் சார்" என்று பாய் குறுக்கே விழுந்தார்.

"வைரஸ் இல்ல பாய், நாந்தான்." ரொனால்டு அந்த 5-ஐயே பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்மோனியக் கணக்கில் கறுப்புக் கட்டைகள் அரைதான். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் அந்த அரையும் கிடையாது. கம்ப்யூட்டருக்குக் கறுப்பு வெள்ளை பேதம் இல்லை, எல்லாப் படியும் ஒன்றுதான். ஒரு கட்டையிலிருந்து ஐந்து கட்டைக்கு ஏழு படி ஏற வேண்டும். அவன் ஐந்தோடு நின்றிருந்தான். அது நாலு கட்டை.

"அம்புட்டையும் முதல்லேர்ந்து வாசிக்கணுமா?" என்றார் சார். "அதுக்கு நான் மதுரைக்கே போயிருவேனே."

"வாசிக்க வேணாம். செத்த நேரம் உக்காருங்க."

பதிந்தது சத்தமாக இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். சேதிதானே. தாளத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற கோடுகளைச் சேர்த்துப் பிடித்தான். தாளத்தையும் நகர்த்தினால் டிரம் இருக்கிற இடத்தில் வேறேதாவது கிணுகிணுக்கும். பிடித்ததை இரண்டு படி மேலே தூக்கினான். டிரான்ஸ்போஸ் செய்யவே பிறந்தவன் மாதிரி நிதானமாகச் செய்தான், அவசரம் காட்டினால் சார் எழுந்துவிடுவார்.

"பாடுங்க ஷைனி."

சுருதிப்பெட்டி அணையாமல் இருந்தது. பாட்டு அதன் மேல் போய் உட்கார்ந்தது. ஷைனி இரண்டாம் வரியைத் தாண்டி, சரணத்தில் ஏறி, நிறுத்தாமல் கடைசிவரை பாடி முடித்தாள். ஹெட்போனைக் கழற்றி, "இப்பதான் என் தொண்டை எனக்கு வந்துச்சு" என்றாள்.

சார் சுருதிப்பெட்டியை அணைத்தார்.

"ஞானராஜ் திரும்பி வந்துருவான்ல? மீதிய அவன் கையால வாசிச்சாத்தான் நல்லாருக்கும்."

"வரட்டும் சார். அவன் கீபோர்டையும் இதே மாதிரி மிடியிலதான் எடுப்பேன். அவன் தப்பா வாசிச்சாலும் நான் திருத்திக்கிறேன்."

"வாய் கொஞ்சம் நீளந்தான் ஒனக்கு." துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சரி, மதுரைக்காரனுக்கு நான் போன்ல சொல்லிக்கிறேன். வர்ற ஞாயிறு பிள்ளைங்க எல்லாரையும் கூட்டிட்டு வாரேன்."

சாரும் ஷைனியும் படி இறங்கியதும் ரொனால்டு பாயின் பக்கம் திரும்பினான்.

"நாளைக்குக் கடை எத்தன மணிக்கு பாய்?"

"வழக்கம்போலப் பத்துக்கு. ஏன்?"

"ஒம்பதுக்குத் தொறங்க. இனிமே மில்லு இல்ல, ராத்திரி நான் தூங்குவேன்ல."