கடைசித் தீவு

பல் டாக்டர் வீட்டில் ஓர் அறை எப்போதும் பூட்டியே இருக்கும். உள்ளே நகையும் இல்லை, பணமும் இல்லை. கண்ணாடி அலமாரிகள் நிறைய வீடியோ கேம் கேசட்டுகள். ஏதோ ஒரு கம்பெனி கொஞ்சமாகப் போட்டுவிட்டுக் கடையை மூடிய ஆட்டங்கள், பேர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஆட்டங்கள். அவற்றைத் தொடுவதற்கே கிளினிக் கையுறை மாட்டிக்கொள்வார். ஆடுவதா? அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உறை பிரித்த பெட்டியைக் கண்டால் சொத்தைப் பல்லைப் பார்த்த மாதிரி முகத்தைச் சுளிப்பார்.

அவற்றில் அவருடைய செல்லம் 'பன்னிரண்டு தீவுகள்'. இரண்டு பேர் சேர்ந்து படகோட்டித் தீவு தீவாகப் போகும் ஆட்டம். உறை பிரிக்காத பெட்டி அவரிடம் இருந்தது. எங்கெங்கோ இருந்து ஆட்கள் அதன் படத்தைக் கேட்டு வாங்கிப் பெருமூச்சு விட்டார்கள். ஆட்டம் எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனிதர் திருதிருவென்று விழித்திருப்பார்.

வினை மைத்துனன் உருவில் வந்தது. மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். பழைய சாமான் கடையில் அறுந்த ஒயர்களும் ஒரு பழைய வீடியோ கேம் மெஷினுமாக வாங்கிய பைக்குள் அதே ஆட்டம் கிடந்தது. பெட்டி இல்லை, ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தது, ஒரு மூலையில் பல் பட்ட தடம் வேறு.

"சின்னப் பிள்ளை கடிச்சது. பால் பல்லு," என்றார் டாக்டர் வெறுப்போடு.

"யாரோ ஆசை ஆசையா ஆடியிருக்காங்க மாமா," என்றான் அவன். "அக்கா, வா, போட்டுப் பாப்போம்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் ஹாலில் அக்காவும் தம்பியும்தான். அவள் வாரம் முழுக்கத் தொலைபேசியில் ஊரார் புகாரைக் கேட்கும் வேலையில் இருந்தவள். வீட்டுக்கு வந்தால் பேச்சு வராது. புருஷனோடு பேசுவது சாப்பாடும் கரண்ட் பில்லும்தான். ஞாயிறன்று அதே வாயா இது என்று இருக்கும். "துடுப்பைப் போடுடா, பாறை வருது, டேய்!" என்று கத்துவாள். படகு கவிழ்ந்தால் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள்.

டாக்டர் நாளிதழை விரித்துப் பிடித்திருப்பார். பக்கம் திரும்பாது. மூடி மறைப்பானேன், பொறாமைதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன்னால் ஒருமுறைகூட வரவழைக்க முடியாத சிரிப்பை, ஒரு கடிபட்ட கேசட் வரவழைத்துவிட்டதே என்ற பொறாமை. ஒரு காலத்தில் அவளுக்காக அந்த அறையைத் திறந்து காட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "தூசி இல்லாம வெச்சிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

சாப்பாட்டு மேசையிலும் அதே கதைதான். "எட்டாவது தீவுல அந்தக் கிழவன் ஆட்டுக்குட்டியைக் கேட்டானே!" என்றான் மைத்துனன்.

"எந்தக் கிழவன்?" என்றார் டாக்டர்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "சொன்னா புரியாதுங்க," என்றாள் அவள். அவர் அலமாரியில் இருக்கிற ஆட்டம், அதில் இருக்கிற கிழவன். அவருக்குத்தான் அவன் யாரென்று தெரியவில்லை.

பதினோரு தீவும் முடிந்தது. "அடுத்த வாரம் கடைசித் தீவு மாமா. முடிச்சிடுவோம்," என்றான் மைத்துனன்.

டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கேசட்டைக் குடு. உள்ள பேட்டரி பழசாயிருக்கும், மாத்தித் தரேன்."

"மாமான்னா மாமாதான்!"

அந்தக் காலத்துக் கேசட்டுக்குள் பொட்டு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். ஆட்டம் எதுவரை வந்தது என்ற ஞாபகமெல்லாம் அதன் தயவில்தான் நிற்கும். அதைக் கழற்றும்போது வேறொரு பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை வைத்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் அழிந்துபோகும். நண்பர்களுக்காக அவர் இதைச் செய்யும்போதெல்லாம் மனைவிதான் பக்கத்தில் டார்ச் பிடிப்பாள்.

இந்த முறை அவளைக் கூப்பிடவில்லை. சனிக்கிழமை கடைசி நோயாளி போனபின், கிளினிக் விளக்கின் கீழே கேசட்டைத் திறந்தார். பல் குத்தும் ஊசியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட் தொட்டு, கேசட்டின் அடியில் இருந்த பித்தளைக் காலெல்லாம் பளபளவென்று துடைத்தார். ஒயர் இழுப்பறையில் இருந்தது. இழுப்பறையைத் திறக்கவில்லை. பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்தார். கை கழுவினார். டீ குடித்தார். அப்புறம் சாவகாசமாகப் புதியதை ஈயம் வைத்துப் பற்றவைத்தார்.

மறுநாள் மைத்துனன் கேசட்டைச் செருகினான். அவன் கட்டைவிரல் அப்படியே நின்றது.

"அக்கா... ஒண்ணுமே இல்லக்கா."

"பழைய பொருள் பாரு, சில சமயம் இப்படித்தான் ஆகும்," என்றார் டாக்டர். பல்லைப் பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்று நோயாளியிடம் சொல்லும்போது வைத்துக்கொள்ளும் முகம். அவள் அழட்டும். அழுதால் தேற்றலாம், பக்கத்தில் உட்காரலாம். அதற்காகக் காத்திருந்தார்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப மறுபடி முதல் தீவுலேர்ந்தா?"

"முதல் தீவுலேர்ந்துதான்க்கா."

"அப்பாடா!" என்று சோபாவில் காலைத் தூக்கி மடித்து உட்கார்ந்தாள். "இன்னியோட முடிஞ்சிடுமேன்னு எனக்கு மனசே சரியில்லடா. அடுத்த ஞாயித்துக்கிழமை என்ன பண்ணப்போறோம்னு இருந்துச்சு."

"மாமா புண்ணியத்துல இன்னும் ஆறேழு மாசம் ஓடும்," என்று அவன் கன்ட்ரோலரைத் துடைத்துக் கொடுத்தான்.

டாக்டர் இருவருக்கும் எதிரில் நின்றார். திட்டவாவது திட்டக்கூடாதா? சண்டை போட்டிருந்தால்கூட அவரைப் பார்த்துத்தானே போட்டிருப்பாள்.

"தானா அழியல," என்றார். "நான்தான் வேணும்னு அழிச்சேன்."

மைத்துனன் வாயைப் பிளந்து அவரைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. திரையில் படகு கிளம்பிவிட்டது.

"தெரியும்," என்றாள். "கொஞ்சம் நகருங்க, மறைக்குது."

அவர் நகர்ந்தார்.