வெய்க்கோவின் குல்லாய்

பனிக்காட்டில் வெய்க்கோ வைத்ததுதான் சட்டம். "ஒருத்தரும் வாயைத் தொறக்கக் கூடாது! சத்தம் கேட்டா குக்கேலிப் பறவை வராது" என்று பறவை பார்க்க வந்த கூட்டத்தையே அதட்டிவிட்டு, பீரங்கி மாதிரி கேமராவோடு மரத்தை முறைத்துக்கொண்டு நின்றார்.

பின்னால் அவர் மனைவி இர்மெலி நெருப்பில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே பழக்கம்.

குக்கேலி வந்தது. சாசேஜ் வாசனைக்கு இறங்கி, வெய்க்கோவின் தடித்த கம்பளிக் குல்லாய்மேல் சொகுசாக உட்கார்ந்தது. பின்னால் நின்றவர்கள் மூச்சுக் காட்டாமல் படமெடுத்துத் தள்ளினார்கள். கடைசியில் இர்மெலி கையிலிருந்து ஒரு துண்டைப் பறித்துக்கொண்டு அது பறந்துவிட்டது.

வெய்க்கோ கோபமாகத் திரும்பினார். "வரலையே! எவன்யா சத்தம் போட்டது?"

"வந்துச்சே. உன் தலைமேலதான் உக்காந்திருந்துச்சு" என்றாள் இர்மெலி.

"அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சொன்ன மகராசன் யாரு?"