இறக்கலாகாத் தவலை

கீழ்வானம் புளியிட்டுத் துலக்கிய வெண்கலம்போல் மெல்ல மெல்ல ஒளிகொள்ள, ஆந்திர எல்லை மலைகளின் நீலநிழல் வயல்வெளிகளைவிட்டு அரைமனத்தோடு விலகிச்செல்ல, ஆர்.கே.பேட்டைப் பக்கத்து ஊர்களில் தறிகள் ஒன்றையொன்று தட்டி எழுப்ப, பம்பாய் செல்லும் புகைவண்டி நிலையத்தில் நின்று பெருமூச்செறிந்து புறப்பட, ஆண்டின் நாள்களுக்கு ஈடாக முந்நூற்று அறுபத்தைந்து படிகளைத் தாங்கி நிற்கும் திருத்தணிகை மலை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் ஆண்டின் பங்குனிக் காலைப்பொழுதொன்றில், நீராடி எழுந்த பெரியவர்போல் ஈரம் சொட்ட நிமிர்ந்து நின்றது. கிளிகளும் வாய்திறவாத அவ்வமைதியைக் கிழித்துக்கொண்டு மலையுச்சியில் ஒரு கூக்குரல் எழுந்தது.

"ஐயையோ, வெச்சுட்டாரே! கீழ வெச்சுட்டாரே!"

கீழே வைக்கப்பட்டது ஒரு பித்தளைத் தவலை. வைத்தவர் அம்பி. ஐம்பத்தொன்பது அகவை நிரம்பிய பின்னும் ஊரார் வாயில் சிறுபிள்ளைப் பெயரோடே உலவிவந்த இவர், மலைக்கோயில் மடைப்பள்ளியில் நாற்பத்தோர் ஆண்டுகளாக முருகனுக்குத் திருவமுது சமைப்பவர். வழிவழியாக அப்பணி செய்துவரும் அவர் குடும்பத்தில் வழக்கம் ஒன்று உண்டு. அடுப்பினின்று எடுத்த தவலை கருவறை வாயிலில்தான் இறங்கவேண்டும். இடைவழியில் நிலத்தைத் தீண்டிவிட்டால் அது அமுதாகாது, வெறுஞ்சோறு. உலையை மீண்டும் வைக்கவேண்டும். மடைப்பள்ளிக்கும் கருவறைக்கும் இடையே பன்னிரண்டே படிகள். அவற்றுள் ஏழாம் படியில் அம்பியின் மூச்சு அவரைக் கைவிட்டது. வேட்டியைச் சரிசெய்பவர்போல் நடித்துத் தவலையை இறக்கிவைத்தார். நடிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேட்டி, அவர் வயிற்றின் இறுக்கத்தால், இருபது ஆண்டுகளாக நெகிழ்ந்ததே இல்லையென்பதை ஊர் அறியும். அன்றும் முருகன் இரண்டு நாழிகை பசியோடு நின்றான்.

கோயில் மணியக்காரர் வரதராஜன் சினவாத மனிதர். அதனால்தான் அவர் சொல் ஆழமாக இறங்கியது.

"அம்பி, கோவிச்சுக்காதீங்க. ஆடிக் கிருத்திகை அன்னிக்கு வழியில வெக்காம தவலைய கொண்டாந்துட்டா, மடப்பள்ளி முறை உங்களுதுதான். இல்லன்னா தம்பிகிட்ட குடுத்துடுங்க. அதுவரைக்கும் யாராச்சும் ஒரு கை புடிக்கட்டும். சாமிய எத்தினி வாட்டி பட்டினி போடறது?"

தம்பி என்றது சிற்றப்பன் மகன் சண்முகசுந்தரத்தை. அம்பிக்கு ஏழாண்டு இளையவன்; மடைப்பள்ளியில் காய் நறுக்கும் கையாள்; ஒடிசலான உடம்பும் ஒடியாத ஆசையும் உடையவன். "அண்ணா, ஒங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்?" என்று அவன் கேட்ட கேள்வியில் அன்பு ஒரு பங்கும் ஆவல் மூன்று பங்கும் கலந்திருந்தன. தவலையை ஏந்தாத அம்பியை அம்பியே கண்டதில்லை. அப்படியொருவர் காலையில் எழுந்து என்ன செய்வார், எங்கே செல்வார், எதற்காகப் பல் துலக்குவார் என்று அவருக்கு விளங்கவில்லை. நான்கு திங்கள் இருந்தன.

மறுநாளே அவர் மனைவி ஜகதாம்பாள் அவரைக் கே.ஜி.கண்டிகைக்கு இழுத்துச் சென்றாள். அங்கே தேநீர்க்கடைக்குப் பின்புறம் நாகேந்திரன் என்னும் நாட்டு மருத்துவர் இருந்தார், எழுபத்தைந்து அகவை, காய்ந்த முருங்கைக்காய்போல் மெலிந்தும் முறுக்கேறியும் இருந்தவர். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், தேநீர்க்கடைவரை நடந்துவிட்டு வரச்சொன்னார். போனவர் திரும்பி வருவதற்குள் ஒரு சுருட்டைப் புகைத்து முடித்தார்.

"சாமி, நோவுன்னு ஒன்னும் இல்ல. வயிறு நாலடி முன்னாடி போவுது, மூச்சு நாலடி பின்னாடி வருது. நடுவுல நீங்க மாட்டிகினு கீறீங்க. அவ்ளோதான்."

"மருந்து ஏதாவது குடுங்களேன்" என்றாள் ஜகதாம்பாள்.

"மருந்து இன்னாத்துக்கும்மா? பகலுக்கு ஒரு புடி சோறு, கீரை, மோரு. பொழுது போனா கேவுரு கஞ்சி. வேலைக்கு வண்டில போறது போவட்டும், காலைல மலப்படி ஏறி எறங்கணும். மொத நாளு முப்பது படி, அப்பால கொஞ்சம் கொஞ்சமா. சாயங்காலம் கண்ண மூடிகினு, மூச்சு வர்றதையும் போறதையும் பாக்கணும்."

"பார்க்கறதுக்குக் கண்ணைத் திறக்கணுமே?" என்றார் அம்பி.

"இத்தினி வருசம் தொறந்துகினுதான இருந்தீங்க? இன்னா பாத்தீங்க?"

அம்பி அச்சொல்லை வேதமாகக் கொண்டார். வீட்டில் அவர் பிடிச்சோற்றுக்கு முன் அமர்ந்து அதனைத் தவசியர்போல் உண்டு எழுவதைக் கண்டு ஜகதாம்பாள் கண்ணீர் உகுத்தாள். "மனுஷர் கஞ்சியைக் குடிக்கற அழகைப் பார்க்கணுமே!" என்று தெருவெல்லாம் சொன்னாள். விடியலில் முப்பது படியும், பின்னர் நாற்பதும், ஐம்பதும் அவர் ஏறினார், இறங்கினார். மாலையில் மலையோரப் பாறையில் கண்மூடி அமர்ந்தார்; அமர்ந்த சிறுபொழுதிலேயே குறட்டை விட்டார். குரங்கு ஒன்று எதிரே குந்தி, அவர் நோக்கவேண்டிய மூச்சை அவருக்கு மாற்றாகத் தான் நோக்கிக்கொண்டிருந்தது.

ஒரு திங்கள் கழிந்தது. புகைவண்டி நிலையத்தில், காசு போட்டால் எடையையும் எதிர்காலத்தையும் ஒரே சீட்டில் அச்சிட்டுத் தள்ளும் பொறி ஒன்று உண்டு. மருத்துவரிடம் சென்ற அன்றே கணவரை அதன்மேல் ஏற்றி ஜகதாம்பாள் சீட்டைப் பத்திரப்படுத்தியிருந்தாள்: எண்பத்தெட்டு. இப்பொழுது மீண்டும் ஏற்றினாள். பொறி முனகிற்று, சீட்டு விழுந்தது. தொண்ணூற்றொன்று. மறுபுறத்தில், "உங்கள் தியாகம் வீண்போகாது" என்று எழுதியிருந்தது.

"மிஷின் கெட்டுப்போயிடுத்துடி" என்றார் அம்பி. ஜகதாம்பாள் அவரை நோக்கிய நோக்கில் பொறியின்மேல் இருந்த ஐயம் மெல்லப் பெயர்ந்து அவர்மேல் குடியேறியது.

மறுநாள் உச்சிப்பொழுதில், சொல்லாமல் கொள்ளாமல், முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் ஏறி அவள் மடைப்பள்ளியின் பின்கட்டில் நுழைந்தாள். அங்கே வாழையிலை விரித்திருந்தது. இலையின் ஒருபுறம் நெய்க்குளத்தில் முந்திரி மிதக்கும் சர்க்கரைப்பொங்கல் குன்றெனக் குவிந்திருக்க, அதனை அடுத்துப் புளியோதரை செம்மண்மேடென எழுந்திருக்க, மிளகுவடைகள் மூன்று காவல்வீரர்போல் நின்றிருக்க, தயிர்ச்சோறு வெண்முகிலெனப் படிந்திருக்க, அவை அனைத்துக்கும் நடுவே, உலகை மறந்த துறவிபோல் அம்பி அமர்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. மூச்சும் சீராகத்தான் இருந்தது.

"இது என்ன?"

அம்பி திடுக்கிடவில்லை. குற்றம் செய்தவனன்றோ திடுக்கிடுவான்? "பிரசாதம்" என்றார்.

"ஒரு பிடி சோறுன்னு வைத்தியர் சொல்லலையா?"

"சோறு ஒரு பிடிதானேடி சாப்பிடறேன்? ஆத்துல நீதானே போடறே?"

"அப்ப இது சோறில்லையா?"

"வாயை அலம்பிண்டு வா! சுவாமிக்குக் காட்டினதைச் சோறுங்கறியே. பிரசாதம் அருள். அருள் எங்கேயாவது உடம்புல ஒட்டுமா?"

"மூணு கிலோ ஒட்டியிருக்கே!"

இவ்வழக்குக்குத் தீர்ப்புக் கூறத்தக்கார் மலைமேல் ஒருவரும் இலர். அம்பி சொன்னதில் வஞ்சகம் எள்ளளவும் இல்லை. தந்தையும் பாட்டனும் அவ்வாறே எண்ணினர், அவ்வாறே உண்டனர், அறுபதைக் காணாமலே மறைந்தனர். இறுதியாகச் சொன்ன செய்தியை மட்டும் அக்குடும்பத்தில் எவரும் முன்னிரண்டோடு சேர்த்து எண்ணிப்பார்த்ததில்லை. மறுநாள் இருவரும் கண்டிகைக்குச் சென்றனர். நாகேந்திரன் இருபக்கமும் கேட்டார், நெடுநேரம் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அம்பியின் வலக்கையைப் பற்றி, உள்ளங்கையை மலர்த்திக் காட்டினார்.

"பிரசாதத்த வேணாம்னு நா சொல்ல மாட்டேன் சாமி, எனுக்கும் முருகன் வேணும். ஆனா கோயிலுக்கு வர்ற சனம் எதுல வாங்கறாங்கோ? இதுலதான? இந்தக் குழில நிக்கிறது பிரசாதம். எலை போட்டுட்டா அது சாப்பாடு. நெய் வேற, முந்திரி வேற!"

அம்பி தம் உள்ளங்கையை முதன்முறையாகக் காண்பவர்போல் பார்த்தார். "ரொம்பச் சின்னதா இருக்கே" என்றார்.

"பெரிய கை இருந்தா பெரிய வயிறு இருக்கும். அளவு தெரிஞ்சவன்தான் உங்கள செஞ்சிகிறான்."

அன்றுமுதல் உண்மையான நோன்பு தொடங்கிற்று. முதல் வாரம் அம்பி உலகத்தார் அனைவரையும் வெறுத்தார். இரண்டாம் வாரம் குரங்கை மட்டும் வெறுத்தார். மூன்றாம் வாரம் நூறு படி ஏறியபின் நின்று ஊரைத் திரும்பிப் பார்த்தார்; இத்தனை ஆண்டுகளாகப் படியில் தம் கால்விரல்களைத் தவிர வேறெதனையும் பார்த்ததில்லை என்பது அப்பொழுதுதான் அவருக்கு உறைத்தது. கண்மூடி அமர்ந்தால் உறக்கம் வருவதால், மூச்சு நோக்கலை மடைப்பள்ளிக்கே மாற்றிக்கொண்டார். பொங்கலைக் கிண்டும்பொழுது துடுப்பு வலம்வர ஒரு மூச்சு உள்ளே, இடம்வர ஒரு மூச்சு வெளியே. முன்னெல்லாம் கிண்டும்போதே விறகுக்காரனை ஏசுவார், சுந்தரத்தை ஏசுவார், நெய்யளந்தவனின் குலத்தை ஏசுவார். இப்பொழுது எண்ணிக்கை தவறிவிடுமே என்று ஏசுவதை ஒத்திவைத்தார். ஒத்திவைத்தவை பெரும்பாலும் மறந்துபோயின. ஆனி பிறந்தபோது அவர் வேட்டி முதன்முறையாக மெய்யாகவே நெகிழ்ந்தது. ஜகதாம்பாள் அதற்குத் தேங்காய் உடைத்தாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. மலை முழுவதும் மலர்க்காவடிகள் அசைய, "அரோகரா" என்னும் முழக்கம் பாறைகளில் மோதித் திரும்ப, மஞ்சளாடை வெள்ளம் படிகளில் கீழிருந்து மேலாகப் பாய்ந்துகொண்டிருந்தது. அம்பி தவலையைத் தனியே ஏந்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாம் படியை அவர் கடந்ததை மணியக்காரர் கண்டு புன்னகைத்தார். ஒன்பதாம் படியில் வழி அடைபட்டது. பூக்காவடிக் கூட்டமொன்று அருள்வந்து சுழன்றாடத் தொடங்கி, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் முன்றிலை நிறைத்துவிட்டது. நடப்பதற்குத்தான் அம்பி பழகியிருந்தார். சுமையோடு அசையாமல் நிற்பதற்குப் பழகியவர் யார்?

தோள் எரிந்தது. முழங்கால் தனியே ஒரு காவடி ஆடிற்று. மூக்கு நுனியில் திரண்ட வியர்வைத்துளி அமுதில் வீழாதிருக்கத் தலையைச் சாய்த்தார். கைமாற்றிக் கொடுத்தால் அமுதுக்கு இழுக்கில்லை. முறை மட்டுமே போய்விடும். அத்தருணத்திற்காகவே காத்திருந்தவன்போல் கீழிருந்து சுந்தரம் ஓடி வந்தான்.

"அண்ணா... குடுங்கோ... நான்... தாங்கி..."

ஒன்பதே படிகள், வெறுங்கை, அவனுக்குப் பேச மூச்சில்லை. படிப்பவர் இந்நேரம் ஒரு கேள்வி கேட்டிருக்கவேண்டும்: அம்பி துறந்த அந்த இலை எங்கே போயிற்று? வீணாக்கலாகாதே என்னும் நல்லெண்ணத்தால், மூன்று திங்களாக நாள்தோறும், அது சண்முகசுந்தரத்தின் முன் விரிந்துகொண்டிருந்தது. ஒடிசல் உடம்பு உருண்டுவிட்டது; ஆசை மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.

"சுந்தரம், நீங்க மொதல்ல உக்காருங்க. தவலைய அப்பால பாத்துக்கலாம்" என்றார் வரதராஜன். சுந்தரம் உட்கார்ந்தே விட்டான்.

அம்பி கண்ணை மூடவில்லை. துடுப்பில்லாமலே மனத்துக்குள் கிண்டத் தொடங்கினார். வலம் உள்ளே, இடம் வெளியே. அறுபது மூச்சுவரை எண்ணினார். எண்பதில் தோள் எரிவதை நிறுத்திவிட்டு வேறொருவருடையது ஆகிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டில் வழி திறந்தது. மூன்று படிகள். தவலை கருவறை வாயிலில் ஓசையின்றி இறங்கியது.

திரை விழுந்ததும் அவர் தூணில் சாய்ந்து குழந்தைபோல் அழுதார். ஜகதாம்பாள் பதறி ஓடிவந்தாள். "ஏன்னா, ஏன் அழறேள்? ஜெயிச்சுட்டேளே!"

"ரொம்பப் பசிக்கறதுடி" என்றார் அம்பி.

மறுநாட்காலை கண்டிகைப் பேருந்தில் சுந்தரத்தோடு மூவராக அமர்ந்து சென்றதையும், "இன்னொருத்தர இட்டாந்துட்டியாம்மா?" என்று நாகேந்திரன் தலையில் கைவைத்துக்கொண்டதையும் விரித்துரைப்பது வேண்டா. அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அம்பி அத்தவலையைச் சுமந்தார். அறுபத்தெட்டாம் அகவையில், தோளில் வலு இருக்கும்போதே, ஒருநாள் அதனை வாயிலில் இறக்கிவிட்டு, கைப்பிடித் துணியைச் சுந்தரத்திடம் தாமாகவே நீட்டினார். எவரும் கேட்கவில்லை, எவரும் விரைவுபடுத்தவும் இல்லை. பிறகு எழுபத்தொன்பது அகவைவரை, வெறுங்கையோடு, காலைதோறும் படியேறி ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாந்தர் யாவரும் ஏதோவொரு தவலையை ஏந்தியே வருகின்றனர். இறக்கிவைக்கும் நாள் எவருக்கும் தப்பாது. உணவில் அளவும், காலில் பயிற்சியும், மூச்சில் நினைவும் உடையார்க்கு அந்நாள் வழியில் வாராது, வாயிலில் வரும்.