மச்சானின் மீன் ஏப்பம்

"மாத்திரையில எதாவது மாத்தினீங்களா? புதுசா எதாவது சேர்த்துக்கிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். மச்சான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "எதுவும் மாறல டாக்டர். அதே மாத்திரை, அதே நேரம். நம்ம பஸ்ஸே லேட்டா வந்தாலும் வரும், நான் மாத்திரையில லேட் பண்ண மாட்டேன்," என்றான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவன் அக்கா கணவரான லிஃப்ட் மெக்கானிக்கின் காதுகள் அடைத்துக்கொண்டன. மச்சான் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னான். அதுதான் பயமாக இருந்தது.

டாக்டர் ஈசிஜி தாளை மேசைமேல் விரித்தார். கோடுகள் கொஞ்ச தூரம் ஒழுங்காக நடந்து, திடீரென்று இரண்டு படிகளைச் சேர்த்துத் தாண்டின. "துடிப்பு தாளம் தப்புது. காரணம் தெரியற வரைக்கும் ஸ்டியரிங் பக்கம் போகாதீங்க. நீங்க அந்த எண்ணெய் ஆய்வுல இருக்கீங்கல்ல? நாளைக்கு உங்க பாட்டில் நம்பருக்கு எந்த எண்ணெய்னு திறந்து பார்க்கச் சொல்லியிருக்கேன். மீன் எண்ணெயா இருந்தா நிறுத்திடுவோம். சிலருக்கு அது இப்படிப் பண்றதுண்டு. சும்மா எண்ணெய்தான்னா, அது காரணமில்லைன்னு விட்டுட்டு வேற தேடணும்."

மச்சான் இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறவன். ஸ்டியரிங் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் கைகள் இரண்டும் மடியில் தாமாகவே விலகி, இல்லாத ஒரு வட்டத்தைப் பிடித்துக்கொண்டன. மெக்கானிக் அதைப் பார்க்காமல் இருக்க முயன்று, பார்த்துக்கொண்டே இருந்தார்.

இருவருக்கும் ஒரே வருஷத்தில் மாரடைப்பு வந்தது. முதலில் அவருக்கு, பதினான்காவது மாடியின் மோட்டார் அறைக்குப் போகும் இரும்பு ஏணியில். எட்டு மாதம் கழித்து மச்சானுக்கு, பஸ் டிப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது. "இதுலயும் மாமாவைப் பார்த்துக் காப்பியடிக்கிறான்," என்று அவர் மனைவி, மச்சானின் அக்கா, அழுதுகொண்டே சிரித்தாள். அப்போதுதான் ஆஸ்பத்திரியில் அந்த ஆய்வுக்கு ஆள் சேர்த்தார்கள். இதயம் அடி வாங்கியவர்கள் ஆயிரம் பேர். பாதிப் பேருக்கு மீன் எண்ணெய், பாதிப் பேருக்கு சாதாரண எண்ணெய். எண்ணெய் அடைத்த உருண்டை ஒன்றே, நிறம் ஒன்றே. பாட்டிலில் வெறும் நம்பர். யாருக்கு எது என்று கொடுக்கிற நர்ஸுக்கே தெரியாது. "கடிச்சுப் பார்க்கக் கூடாது, குத்திப் பார்க்கக் கூடாது," என்று அந்த நர்ஸ் விரலை ஆட்டிச் சொன்னாள்.

சொன்னவள் ஒரு மெக்கானிக்கிடம் சொல்கிறோம் என்று நினைக்கவில்லை. மூடியிருக்கிற எதையும் திறந்து பார்ப்பதுதான் அவருடைய பிழைப்பு. அவருக்கு முதல் வாரத்திலிருந்தே மீன் ஏப்பம் வந்தது. மச்சானுக்கு வரவில்லை. கீழ்த் தளத்தில் குடியிருந்த மச்சான் தினமும் மாலை அக்கா வீட்டில் சாப்பிட வருவான். இரண்டு பாட்டில்களும் அங்கே ஃப்ரிட்ஜின் மேல் அருகருகே நிற்கும். ஒரு நாள் காலை, வீட்டில் யாரும் இல்லாதபோது, அவர் ஊசி எடுத்து இரண்டிலிருந்தும் ஒவ்வோர் உருண்டையைக் குத்தினார். அவருடையதில் கடற்கரை வாடை. மச்சானுடையதில் ஒன்றுமே இல்லை.

எனக்கு ஐம்பத்தெட்டு, என்று அவர் நினைத்தார். என் மகன் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டான். மச்சானின் மகள் இன்னும் ஹாஸ்டலில் தங்கிப் பள்ளிக்கூடம் போகிறாள். அவன் பெண்டாட்டி போன பிறகு அந்தக் குழந்தைக்கு அவன்தான் எல்லாம். அவ்வளவுதான் யோசித்தார். இரண்டு பாட்டில்களையும் தட்டில் கொட்டி, இடம் மாற்றி நிரப்பினார். பிறகு மாதாமாதம் புதுப் பாட்டில் வந்தபோதெல்லாம் அதையே செய்தார். யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்கிற சுகம் அவருக்கு ஐந்து மாதம் இருந்தது. மச்சான் சாப்பாட்டு மேசையில் ஏப்பம் விட்டு, "அக்கா, என் வயித்துல யாரோ துறைமுகம் கட்டிட்டாங்க," என்று சொல்லும்போதெல்லாம் அவர் குனிந்து சிரித்துக்கொள்வார். ஒரு தடவை மனைவி மட்டும், "முன்னாடி நீங்கதானே இப்படி நாறுவீங்க?" என்று கேட்டாள். "வயித்துக்குப் பழகிடுச்சு," என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஓட்டுநர் ஒரு வளைவில் பிரேக் போட்டபோது, "இந்த இடத்துல பிரேக்கே வேண்டாம், விட்டாலே திரும்பும்," என்று மெல்லச் சொன்னான். பிறகு, "மாமா, அது சும்மா எண்ணெயாத்தான் இருக்கும். அப்ப வேற என்ன மாமா இருக்கும் உள்ள?" என்றான்.

மெக்கானிக்கின் கை தோள்பையில் இருந்த பூட்டைத் தொட்டது. சிவப்புப் பூட்டு. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் மேலே மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்குவான். அந்தப் பூட்டை வேறு யாரும் தொடக் கூடாது. ஒரு சமயம், மூட்டை முடிச்சோடு கீழே நின்றவர்களைப் பார்த்து மனம் இரங்கி, ஒரு கட்டிட மேலாளர் அவருடைய பூட்டை வெட்டி எடுத்துவிட்டார். மெக்கானிக் அப்போது குழிக்குள் இருந்தார். தலைக்கு மேல் லிஃப்ட் ஒரு சாண் அசைந்து நின்றது. மேலே வந்து சட்டையைப் பிடித்தபோது அந்த மேலாளர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "நல்லதுக்குத்தானே சார் செஞ்சேன்."

அடுத்த நிறுத்தத்தில் மெக்கானிக் எழுந்தார். "நீ வீட்டுக்குப் போ மாப்ள. எனக்கு ஒரு வேலை இருக்கு."

"எந்த பில்டிங்?"

"ஆஸ்பத்திரி," என்று சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. நின்றால் மனசு மாறிவிடும் என்று தெரிந்து, நாலு நிறுத்தங்களையும் நடந்தே போனார்.

நர்ஸ் அலமாரியை மூடிக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு வாங்க நின்று, ஊசியிலிருந்து தொடங்கி ஒன்றையும் விடாமல் சொன்னார். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு அந்த நம்பரைத் திறந்திருந்தா சும்மா எண்ணெய்னு வந்திருக்கும். அவர் தினமும் மீன் எண்ணெயை முழுங்கிட்டே இருந்திருப்பார். தெரியுதா?"

"அதுக்குத்தாம்மா வந்தேன்."

"எது நல்லதுன்னு தெரிஞ்சிருந்தா நாங்களே எல்லாருக்கும் அதையே குடுத்திருக்க மாட்டோமா? தெரியாமத்தான் ஆயிரம் பேரைக் கூப்பிட்டோம். உங்களுக்கு மட்டும் யார் சொன்னது?"

கடையில் பார்த்த ஒரு டப்பா, அதன்மேல் பாய்கிற ஒரு மீன், ஒரு சிவப்பு இதயம். அவருக்குச் சொன்னது அவ்வளவுதான்.

"அவனுக்குத் துடிப்பு தப்பினது இதனாலதானா?"

"இருக்கலாம். அடி வாங்கின இதயம், தானாவும் வந்திருக்கலாம். என்னால சொல்ல முடியாது." அவள் போனை எடுத்து டாக்டருக்கு விஷயத்தைச் சொன்னாள். வைத்துவிட்டு, "இன்னைலேருந்து ரெண்டு பேரும் அந்த எண்ணெயைத் தொடாதீங்க. அவர்கிட்ட நான் சொல்லட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். திறந்தவன் நான். நானே சொல்றேன்."

வீட்டில் மச்சான் மேசையில் உட்கார்ந்து, அக்காவோடு சேர்ந்து அவனுடைய மற்ற மாத்திரைகளைக் கிழமை வாரியாக ஒரு தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். மெக்கானிக் செருப்பைக் கழற்றவில்லை. நின்றபடியே சொன்னார். "உனக்கு நல்லதுன்னு..." என்று ஆரம்பித்தவர், அந்த மேலாளரின் குரல் தன் வாயிலிருந்து வருவதைக் கேட்டு நிறுத்திக்கொண்டார். "உன்னைக் கேட்காம செஞ்சேன்," என்று மட்டும் முடித்தார்.

மனைவி கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள். "அட பாவி மனுஷா," என்றாள்.

மச்சான் எழுந்து போய் ஃப்ரிட்ஜின் மேல் இருந்த தன் பாட்டிலை எடுத்துக் காதருகே குலுக்கினான். உருண்டைகள் வழுவழுவென்று உரசின. "ஐஞ்சு மாசம்," என்றான். "ஐஞ்சு மாசமா நான் ஏப்பம் விட்டப்ப எல்லாம் சிரிச்சியே மாமா."

"ஆமாடா."

"பஸ் போச்சுன்னா?"

அதற்கு ஒரு நல்ல பொய் அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. "தெரியல. நாளைக்கு உன்கூட வர்றேன். நீ வேண்டாம்னு சொன்னா வெளியில நிக்கிறேன். ஆனா வருவேன்."

மச்சான் அவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கையை நீட்டினான். "உன் பூட்டைக் குடு."

மெக்கானிக் பையைத் திறந்து சிவப்புப் பூட்டையும் சாவியையும் கொடுத்தார். மச்சான் மாத்திரைப் பெட்டியை மூடி, கொக்கியில் பூட்டை மாட்டி அழுத்தினான். சின்னச் சத்தம். சாவியைச் சட்டையின் இடப்பக்கப் பைக்குள் போட்டுக்கொண்டு, தன் நாற்காலியிலேயே உட்கார்ந்தான். அக்கா தட்டுகளை எடுத்து வைத்தாள், மூன்று. மெக்கானிக் இன்னும் நின்றுகொண்டிருந்தார். மெல்லிய துணிக்குள் அந்தச் சாவி மூச்சோடு ஏறியது, இறங்கியது, கொஞ்சம் தயங்கி, மறுபடி ஏறியது.