செய்யாத சோதனை

ஆய்வகத்தில் ஐந்து வருடம் நாய் படாத பாடு பட்ட நூரைனிக்கு, ராபின்சன் ரோட்டில் குளிரூட்டிய அறையும் மெத்தை நாற்காலியும் கிடைத்திருந்தன. காப்புரிமை விண்ணப்பம் எழுதும் வேலை. அவளுக்கு மனசு ஒட்டவே இல்லை. செல் வளர்க்கும் தட்டைத் தொட்டு எட்டு மாதமாகிறது, கை ஏங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பழைய ஆய்வகத்தின் தீப்புண் ஜெல்லுக்கான விண்ணப்ப வேலையே அவள் மேஜைக்கு வந்தது. எழுதிக்கொடுத்தாள். மேலாளர் மிஸ் கோ ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"சர்க்கரை நோயாளி செல்லுல கீறித் தடவினாங்க, மூணாம் நாளே காயம் மூடுச்சுன்னு இருக்கே. யாரு பண்ணா?"

நூரைனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது பணமில்லாமல் கிடப்பில் போட்ட சோதனை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனசுக்குள் செய்து பார்த்து, நடந்ததாகவே எழுதித் தொலைத்திருந்தாள்.

"செய்யாததை எழுதலாம், ஆனா 'செய்யலாம்'னுதான் எழுதணும். செஞ்சதா எழுதினா காப்புரிமையே போச்சு. உன் வேலையும் போயிடும். ஆய்வகத்துக்குப் போன் பண்ணி, செஞ்சாங்களான்னு கேளுலா."

போனில் ஹைகல் சிரித்தான். அவளுக்குப் பின்னால் ஆய்வகத்தில் சேர்ந்தவன், அக்கா முறையில் 'காக்' என்பான்.

"இன்னும் போடல காக். இப்ப பணம் வந்தாச்சு, நாளைக்கே போடுறேன். புவனா விஸ்தா ஆய்வகத்துக்கு வந்துருங்க, ரெண்டு பேருமா பண்ணலாம்."

போய்விடலாம் என்றுதான் உயிர் துடித்தது.

"எழுதுறவங்க சோதனையில கை வைக்கக் கூடாதுடா. இங்க விதி. நீயே பண்ணு."

அந்தப் பத்தியை அழித்தாள். சோதனை போட்ட மூன்றாம் நாள் ஹைகலே கூப்பிட்டான்.

"பாதிகூட மூடல காக். உங்க கணக்கு தப்பு!"

"சரி, பார்த்ததை அப்படியே அனுப்பு. அதையே எழுதுறேன்."

அவளுக்கு ஏமாற்றமில்லை, பொறாமைதான். தப்பான கணக்கென்றாலும், நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தது அவன் கண்கள்.

"போனை வச்சிரவா காக்? செல்லுக்கு மீடியம் மாத்தணும்."

"வைக்காத. செல் வேலை பண்ற காத்துப்பெட்டி பக்கத்துல போனை வச்சிட்டு உன் வேலையைப் பாரு."

"எதுக்கு? அதோட விசிறி சத்தம்தான் கேக்கும்."

"அதுதான்டா வேணும்."

அவன் வேலை முடித்துக் கதவைச் சாத்தும்வரை, காதிலிருந்து போனை அவள் எடுக்கவில்லை.