மெத்தைக்குள் வைத்த பெட்டி

கூடத்து டி.வி.க்குக் கீழே இருந்த கம்ப்யூட்டரில் அப்பாவின் ஃபோல்டரைச் சொடுக்கி முழுசாகக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. திரையில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. கெல்திபெக் அதையே வெறித்துக்கொண்டிருந்தான். அப்பா இறந்த நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு உறவுக்காரர்கள் நண்பகலில் வந்துவிடுவார்கள். சமையலறையில் குதிரைக் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

அவன் மாஸ்கோவில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தபோது இங்கே சொந்த ஊர் நரினில் அப்பா கண்ணை மூடினார். வந்துவிட்டுப் போ என்று ஒரு வருஷத்தில் மூன்று முறை போன் செய்திருந்தார். மூன்று முறையும் 'அடுத்த மாசம்' என்றான் இவன். அவன் வந்து சேர்ந்தபோது மண் போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. வழக்கப்படி வாசலில் நின்று கதறவேண்டிய மகன் இல்லாமலே அந்தச் சாவு நடந்தது. ஊர் வாயை மூட முடியுமா?

ஆனால் சாவதற்கு முந்தின வாரம் அப்பா, அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து மகனுக்கு ஆசி சொல்லிப் பதிவு செய்திருந்தார். நாற்பதாம் நாள் எல்லார் முன்னாலும் போடச் சொல்லியிருந்தார். என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் தெரியாது. மன்னித்தாரா இல்லையா என்பது அந்த ஒரு பதிவில்தான் இருந்தது.

கெல்திபெக் ஒயரைப் பிடுங்கிச் செருகினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். இன்டர்நெட் பறந்தது. அப்பாவின் பதிவு இருந்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் டிஸ்க் மட்டும் ஆமையாக ஊர்ந்தது. தலைநகர் பிஷ்கெக்கில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நண்பன் எர்மெக்கைக் கூப்பிட்டான்.

"எல்லாத்தையும் நோண்டினியே, டிஸ்க் பெட்டியப் போய்ப் பாத்தியாடா?" என்றான் எர்மெக்.

"உள் ரூம்ல, அலமாரிக்குக் கீழ இருக்கும்."

"இருக்குமா? கண்ணால பாருங்க மாஸ்கோ தொரை!"

போனைக் காதில் வைத்துக்கொண்டே போனான். அலமாரிக்குக் கீழே வெறும் தூசித் தடம். ஒயர் சுவரோரமாகப் போய், பெரிய மரப்பெட்டியின் மேல் கூரை வரை அடுக்கியிருந்த கல்யாணச் சீர் மெத்தைகளுக்குள் நுழைந்தது. வீட்டிலேயே மரியாதையான இடம் அது. நான்கு மெத்தைகளை விலக்கிக் கையை விட்டவன், சூடு பட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். உள்ளே டக், டக் என்று சத்தம்.

ஈரக் கையோடு அம்மா சைரகுல் ஓடி வந்தாள். "ஏன் ராசா கலைக்கிற? நான்தான் வெச்சேன். உங்கப்பா குரல் அதுக்குள்ள இருக்கு. கால் படற எடத்துல விட்டு வெப்பாங்களா? அந்த மனுசனுக்குக் குளிரே ஆகாதே..."

கெல்திபெக் இன்னும் இரண்டு மெத்தைகளை விலக்கினான். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

"மாப்ளே, அந்தச் சத்தம் எனக்கே கேக்குது," என்றான் எர்மெக், குரலில் கேலி போயிருந்தது. "சூட்டுல டிஸ்க் சாகற சத்தம்டா அது. ஒடனே அணைச்சிடு. ஒருவாட்டிகூட ஃபோல்டரத் திறக்காத. இங்க கொண்டா, மூணு வாரத்துல பதிவ எடுத்துத் தரேன்."

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஒரே ஒரு தரம் கேட்டுட்டு அணைச்சிடறேன்."

"டேய், சொன்னாக் கேளுடா எரும—"

கெல்திபெக் போனை வைத்தான். பெற்றவரை ஒரு வருஷம் காக்கவைத்த பாவிக்கு மூன்று வாரம் காத்திருக்க முடியவில்லை.

கூடத்துக்கு ஓடி வந்து மறுபடி சொடுக்கினான்; ஃபோல்டர் திறந்தது. வெள்ளைத் தொப்பியோடு அப்பா திரையில் வந்தார். நெஞ்சுக்கு நேரே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தூக்கினார்.

"கெல்திபெக்... நீ வரலைன்னு நான்..."

அதோடு நின்றது. வாய் பாதி திறந்தபடி அப்பா உறைந்துபோனார். உள்ளறையிலிருந்து நாலைந்து முறை டக், டக். பிறகு ஒன்றுமில்லை. கெல்திபெக் உள்ளே ஓடிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். அதன் விளக்கு அணைந்திருந்தது.

அவன் திரும்பி வந்தபோது உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆசி ஆரம்பிக்கப்போகிறது என்று நினைத்து, பெரியப்பா தோக்தொசுன் டி.வி.யைப் பார்த்தபடி இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தினார். பின்னாலிருந்த அத்தனை பேரும் ஏந்தினார்கள். ஆசி முடிந்து 'ஆமின்' சொல்லி முகத்தைத் தடவிக்கொள்ளும்வரை இந்த ஊரில் யாரும் கையை இறக்கமாட்டார்கள்.

"சத்தத்தக் கூட்டுப்பா," என்றார் பெரியப்பா மெல்ல.

"அவ்வளவுதான் பெரியப்பா."

"அவ்வளவுதான்னா? என்ன சொன்னான் உங்கப்பன்?"

கதவோரமாக நின்ற அம்மாவும் கைகளை ஏந்தியிருந்தாள். அவள் இறக்கவில்லை. அந்தக் கூடத்தில் கையேந்தாமல் நின்றவன் கெல்திபெக் ஒருவன்தான். அவனுக்குக் கையைத் தூக்கத் தைரியம் வரவில்லை.